மாட்டுத் தொட்டியில் ஒரு கணக்கு: மாவுச்சத்தும் புரதமும் சரியாக இருக்கிறதா?

(தென்காசி மாவட்டம் இலத்தூரில் கறவை மாடு வளர்ப்போரிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

இலத்தூர் அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, கைபேசியில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மாட்டு டாக்டர் இல்லை. செய்தித் துறையில் எழுதுகிற வேலை. மாட்டைப் பழக்குவது, பால் கறப்பது, சினை பார்ப்பது இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்நடை மருத்துவர்களும் பல்கலைக்கழகமும் சொல்லிவரும் ஒரு விஷயத்தை, நம்ம பக்கம் கிடைக்கிற தவிடு, நொய், புண்ணாக்கு, வைக்கோலை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவதுதான் இன்றைக்கு என் வேலை. மாட்டுக்கு நாம் போடுகிற தீவனத்தில் மாவுச்சத்தும் புரதமும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கிறதா? இதுதான் கேள்வி.

இது வெறும் சத்துக் கணக்கு இல்லை. மாதக் கடைசியில் பால் சொசைட்டியில் கைக்கு வரும் பணம் இதில் இருக்கிறது. சில நேரம் மாட்டின் உயிரே இதில் இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது

2024 ஜூன் மாதம். செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு கணவாய் வழியாகப் போனால் வருகிற கேரளத்தின் கொல்லம் மாவட்டம். அங்கே வெளிநல்லூர் என்ற ஊரில் ஒரு பண்ணையில் ஐந்து மாடுகள் அடுத்தடுத்து இறந்தன. மேலும் சில மாடுகள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டன. யாரோ விஷம் வைத்துவிட்டார்களா என்றால், இல்லை. புரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மீறித் தின்றதுதான் காரணம் என்று தெரியவந்தது. கேரளக் கால்நடைத் துறை அமைச்சர் ஜெ. சிஞ்சுராணி நேரில் வந்து பார்த்தார். மாடுகளுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற பேச்சு அங்கே பெரிதாக எழுந்தது.

புரோட்டா நமக்குப் புதுசா? பிரானூர் பார்டருக்கு எங்கெங்கிருந்தோ கார் போட்டு வந்து சாப்பிட்டுப் போகிறார்கள். மனிதனுக்கு அது ருசி. மாட்டு வயிற்றுக்கு அது சுத்தமான மைதா, அதாவது மாவுச்சத்து. நம்ம ஊரில் புரோட்டாவுக்குப் பதிலாக அந்த இடத்தில் கல்யாண வீட்டு மிச்சச் சோறு இருக்கும். மாட்டுப் பொங்கல் அன்று ஆசையாக ஊட்டுகிற பொங்கல் இருக்கும். அறுவடைக் களத்தில் அவிழ்த்துக்கொண்டு போய் மாடு வாய் வைத்த நெல் குவியல் இருக்கும். பொருள்தான் வேறு, வயிற்றுக்குள் நடப்பது ஒன்றேதான்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். அதில் பெரியது அசையூண் வயிறு. அதை ஒரு பெரிய ஊறல் பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோசை மாவு புளிக்கிற மாதிரி, அந்தப் பானைக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் நொதிக்க வைக்கின்றன. மாட்டுக்கு நாம் தீவனம் போடுகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் முதலில் சாப்பிடுவது அந்த நுண்ணுயிர்கள்தான். அவை வளர்ந்து பெருகி, பிறகு கீழே இறங்கிச் செரிக்கும்போது, அவையே மாட்டுக்குப் புரதமாக ஆகின்றன. ஆக, மாட்டை வளர்ப்பது என்றால் அந்த நுண்ணுயிர்களை வளர்ப்பது.

அந்த நுண்ணுயிர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று நாரைத் தின்னும் கட்சி. வைக்கோல், புல் இவற்றை மெதுவாகச் செரிக்க வைக்கும். இதிலிருந்து வருகிற அசிட்டிக் அமிலம்தான் பாலில் கொழுப்பாக மாறுகிறது. இன்னொன்று மாவைத் தின்னும் கட்சி. நொய், சோளம், மக்காச்சோளம், சோறு இவற்றை வேகமாக உடைக்கும். இதிலிருந்து வருகிற புரோப்பியானிக் அமிலம் கல்லீரலில் குளுக்கோஸாகி, பாலில் உள்ள சர்க்கரையாக மாறுகிறது. பாலின் அளவு கூடுவதற்கு இது வேண்டும். இரண்டு கட்சியும் வேண்டும். ஒன்று இன்னொன்றை அமுக்கிவிடக் கூடாது.

மாவு ஒரேயடியாக அதிகமானால் என்ன ஆகிறது? மாவைத் தின்னும் கூட்டம் திடீரென்று பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. வயிற்றின் அமில-கார அளவு சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கும். அது 5.5-க்குக் கீழே இறங்கினால் நாரைத் தின்னும் கூட்டம் செத்துப்போகும். மாடு தீவனம் எடுக்காது, அசை போடாது. வயிறு உப்பும். சாணி தண்ணியாகப் போகும். அமிலம் ரத்தத்தில் கலந்தால் மாடு சாய்ந்துவிடும். இதைத்தான் டாக்டர்கள் அமில நோய் என்கிறார்கள். வெளிநல்லூரில் நடந்ததும் இதுவே.

சமைத்த சோறு, கஞ்சி, மைதா எல்லாம் பச்சைத் தானியத்தைவிட வேகமாக நொதிக்கும். 'வேக வைத்துக் கொடுத்தால் மாட்டுக்கு நல்லா செரிக்கும்' என்று நாம் நினைப்பதில் பாதிதான் சரி. செரிக்கிற வேகம் கூடுவதில்தான் ஆபத்தே இருக்கிறது.

புரதம் மட்டும் போட்டால் போதுமா?

'சரி, மாவு ஆபத்து என்றால் புண்ணாக்கை அள்ளிப் போட்டுவிடலாமே' என்று கேட்கலாம். அதுவும் சரியில்லை.

புண்ணாக்கில் உள்ள புரதத்தில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் அமோனியாவாக உடைக்கின்றன. அந்த அமோனியாவைப் பிடித்துத் தங்கள் உடம்பாகக் கட்டிக்கொள்வதற்கு அவற்றுக்குச் சக்தி வேண்டும். அந்தச் சக்தி எங்கிருந்து வரும்? மாவிலிருந்தும் நல்ல நாரிலிருந்தும்தான். வீடு கட்டச் செங்கல் மட்டும் லோடு லோடாக வந்து இறங்கிவிட்டது, கொத்தனாருக்குக் கூலி கொடுக்கக் காசு இல்லை என்றால் சுவர் எழும்புமா? புரதம் செங்கல். மாவுச்சத்து கூலி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால்தான் வேலை நடக்கும்.

கூலி இல்லாமல் செங்கல் மட்டும் வந்தால், மிஞ்சுகிற அமோனியா ரத்தத்தில் ஏறி, கல்லீரலில் யூரியாவாக மாறி, மூத்திரத்தில் போய்விடும். கொஞ்சம் பாலிலும் வரும். அதை யூரியாவாக மாற்றுவதற்கே மாடு தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும். சத்துகளில் விலை கூடியது புரதம்தான். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கு தொழுவத்துத் தரையில் மூத்திரமாக ஓடுகிறது. ரத்தத்தில் யூரியா ரொம்ப ஏறினால் சினை பிடிப்பதும் தள்ளிப்போக வாய்ப்பு உண்டு.

இப்போது நம்ம ஊர்க் கணக்கு

400 கிலோ எடையுள்ள ஒரு கலப்பின மாடு. தினம் 10 லிட்டர் பால். இதற்குப் புரதம் எவ்வளவு வேண்டும்?

தன் உடம்பைக் காத்துக்கொள்ள மட்டும் சுமார் 350 கிராம். ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் சுமார் 90 கிராம். பத்து லிட்டருக்கு 900 கிராம். மொத்தம் 1,250 கிராம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டின் எடை தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். டெய்லர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு வரை நீளம் அளந்துகொள்ளுங்கள். இரண்டும் அங்குலத்தில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 66, நீளம் 60 என்றால் 396 கிலோ. போனில் இருக்கிற கால்குலேட்டருக்கு இது ஒரு நிமிட வேலை.

இப்போது முதல் மாதிரி. நெல் விளைகிற பகுதிகளில் பல தொழுவங்களில் காணக்கூடியது:

- வைக்கோல் 6 கிலோ: புரதம் சுமார் 200 கிராம்
- நொய் அல்லது நொய்க் கஞ்சி, நொய்யாக 3 கிலோ: 240 கிராம்
- அரிசித் தவிடு 2 கிலோ: 240 கிராம்
- தேங்காய்ப் புண்ணாக்கு அரை கிலோ: 105 கிராம்

கூட்டினால் 785 கிராம். தேவை 1,250. கிட்டத்தட்ட 465 கிராம் துண்டு விழுகிறது. 785-இல் உடம்புக்கு 350 போனால் மிச்சம் 435. அதை வைத்து மாடு ஐந்து லிட்டருக்குக்கூடப் புரதம் தர முடியாது. தொட்டி நிறைய இருக்கிறது, வயிறும் நிறைந்துவிட்டது, ஆனால் பால் இல்லை. கன்று போட்ட புதிதில் சில வாரம் தன் உடம்பைக் கரைத்துப் பால் தரும். பிறகு எலும்பு தெரியும், பால் இறங்கும், பருவத்துக்கு வராது. 'மாடு சரியில்லை' என்று சந்தைக்கு ஓட்டிவிடுகிறோம். சரியில்லாதது தொட்டியாக இருந்திருக்கலாம்.

இரண்டாவது மாதிரி:

- வைக்கோல் 4 கிலோ: 140 கிராம்
- கம்பு நேப்பியர் பசும்புல் 20 கிலோ: சுமார் 400 கிராம்
- 20 சதவீதப் புரதம் உள்ள கலப்புத் தீவனம் 4 கிலோ: 800 கிராம்

மொத்தம் 1,340 கிராம். தேவைக்குச் சற்று மேலே. சக்தியும் ஏறக்குறைய ஈடாகிறது.

இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பால் வித்தியாசத்துக்கு என்ன மதிப்பு? 2023 டிசம்பர் 18 முதல் ஆவினுக்குப் பசும்பால் ஊற்றுவோருக்கு லிட்டருக்கு 35 ரூபாயுடன் அரசின் ஊக்கத்தொகை 3 ரூபாயும் சேர்ந்து 38 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஐந்து லிட்டர் என்றால் நாளைக்கு 190 ரூபாய். தீவனச் செலவு கூடுவதை அதில் கழித்துப் பாருங்கள். உங்கள் கடை விலை உங்களுக்குத்தான் தெரியும். எல்லா மாடும் பத்து லிட்டர் கறக்காது. இனம், ஈற்று, கறவை மாதம் எல்லாம் உண்டு. ஆனால் கறக்கிற திறன் உள்ள மாட்டைத் தொட்டி தடுக்கக் கூடாது.

வீட்டிலேயே கலக்கலாம்

கடையில் வாங்கும் மாட்டுத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் அளவு வைத்திருக்கிறது. முதல் வகைக்குக் குறைந்தது 22 சதவீதப் புரதம், இரண்டாம் வகைக்கு 20 சதவீதம். மூட்டையில் இது அச்சிட்டிருக்கும். விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த எண்ணைப் பாருங்கள்.

வீட்டில் 100 கிலோ கலக்க ஒரு மாதிரி:

- இடித்த மக்காச்சோளம் 30 கிலோ
- கடலைப் புண்ணாக்கு 25 கிலோ
- தேங்காய்ப் புண்ணாக்கு 10 கிலோ
- கோதுமைத் தவிடு 32 கிலோ
- தாது உப்புக் கலவை 2 கிலோ
- சாப்பாட்டு உப்பு 1 கிலோ

புரதம் சுமார் 20 சதவீதம் வரும். மக்காச்சோளம் கிடைக்கவில்லையா, நொய் போடுங்கள். கடலைப் புண்ணாக்கு விலை ஏறிவிட்டதா, எள்ளுப் புண்ணாக்கைக் கொஞ்சம் சேர்க்கலாம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் சேர்க்கலாம், ஆனால் தோலோடு ஆட்டியதில் புரதம் கடலையில் பாதிதான் இருக்கும். உளுந்தம்பொட்டு கிடைத்தால் தவிட்டில் ஒரு பங்குக்கு அதைப் போடலாம். தானியம் மூன்றில் ஒரு பங்கு, புண்ணாக்கு மூன்றில் ஒரு பங்கு, தவிடும் பொட்டும் மூன்றில் ஒரு பங்கு. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சியும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு போடுவது? உடம்புக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ. அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. நல்ல பசும்புல் வயிறாரக் கிடைத்தால் ஒன்றரை கிலோ வரை குறைக்கலாம். சினையின் கடைசி இரண்டு மாதத்தில் ஒரு கிலோ சேர்க்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். முதலில் வைக்கோலோ புல்லோ, பிறகுதான் அடர்தீவனம்.

யூடியூபில் வெளிநாட்டுப் பண்ணை வீடியோ பார்த்துவிட்டு, 'அங்கே தீவனத்தில் கால் பங்கு மாவுச்சத்தாமே' என்று கேட்கிறார்கள். அங்கே 30, 40 லிட்டர் கறக்கிற மாடு. எல்லாவற்றையும் இயந்திரத்தில் ஒன்றாகக் கலந்து, ஒவ்வொரு வாயிலும் நாரும் மாவும் சேர்ந்து போகும்படி கொடுக்கிறார்கள். எட்டு பத்து லிட்டர் கறக்கும் நம்ம மாட்டுக்கு அந்த அளவு தேவையே இல்லை.

காசில்லாமல் புரதம்

புண்ணாக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வரப்பு ஓரம் இருக்கிறதே!

வேலிமசால், அகத்தி, சவுண்டல், காராமணி. இவற்றின் இலைகளில், காய்ந்த எடைக்குக் கணக்குப் போட்டால், 15 முதல் 25 சதவீதம் வரை புரதம். வைக்கோலில் 3, 4 சதவீதம்தான். நேப்பியர் புல்லோடு நான்கில் ஒரு பங்கு இந்தப் பயறு வகைத் தழை சேர்ந்தால் கலப்புத் தீவனத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். குளத்துப் பாசனம் இருக்கிற இந்தப் பகுதியில் ஐந்து சென்ட் ஒதுக்கினாலே பெரிய உதவி.

அசோலாவைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பொருள்தான். காய்ந்த அசோலாவில் 20 முதல் 25 சதவீதம் புரதம் உண்டு. ஆனால் தொட்டியிலிருந்து அள்ளும்போது அதில் 93 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் கிடைக்கும் புரதம் 15 கிராம் அளவுதான். இரண்டு கிலோ போட்டால் 30 கிராம். ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் 400 கிராமுக்கு மேல். அசோலா போடுங்கள். ஆனால் அதை நம்பிப் புண்ணாக்கை நிறுத்தாதீர்கள்.

வைக்கோலையே கொஞ்சம் தேற்றவும் வழி உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். புரத அளவு இரண்டு மடங்காகும், மாடும் விரும்பித் தின்னும். போடுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். முதல் தடவை கால்நடை மருந்தகத்தில் கேட்டு, அவர்கள் பார்க்கும்போது செய்யுங்கள். யூரியாவை நேரடியாகத் தொட்டியிலோ தண்ணீரிலோ கலந்தால் அது விஷம். மூட்டையை மாடு நக்குகிற இடத்தில் வைக்கவே கூடாது.

சாரல் காலத்து எச்சரிக்கை

குற்றாலத்தில் சீசன் என்றால் ஊரெல்லாம் சந்தோஷம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அடிக்கிற அந்தச் சாரல், வைக்கோல் படப்புக்கும் புண்ணாக்கு மூட்டைக்கும் சந்தோஷம் இல்லை. ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உருவாகும். மாட்டின் கல்லீரலைக் கெடுக்கும். அதில் ஒரு பகுதி பாலில் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகளும்தான். காய்ச்சினாலும் அது போகாது.

மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள், சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கறுப்போ பச்சையோ பூத்தது, மக்கல் வாடை அடிப்பது எதையும் போடாதீர்கள். புண்ணாக்கை முந்தின நாள் இரவே ஊறப்போட்டு வைப்பதையும் இந்தக் காலத்தில் தவிர்க்கலாம். அப்பப்போ நனைத்துக் கொடுத்தால் போதும்.

இன்னொன்று, மழைக்குப் பின் தளதளவென்று வரும் இளம்புல். அதில் நார் குறைவு, தண்ணீர் அதிகம். மேய விடுவதற்கு முன் ஒரு பிடி வைக்கோல் தின்ன வைத்தால் கழிச்சலும் உப்புசமும் குறையும். எந்தத் தீவனத்தை மாற்றினாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். உள்ளே இருக்கிற நுண்ணுயிர்கள் பழக நாள் வேண்டும்.

மாடே சொல்லும்

மாடு வாய் திறந்து பேசாது. ஆனால் நாலு இடத்தில் எழுதிக் காட்டும்.

அசை: படுத்து ஓய்வெடுக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கவளத்தை 50, 60 தடவை மெல்லும். எண்ணிப் பாருங்கள். குறைந்தால் நார் குறைவு.

சாணி: தண்ணியாக, நுரையோடு, செரிக்காத தானியம் தெரிந்தால் மாவு அதிகம். வறட்டி மாதிரிக் கெட்டியாக அடுக்கடுக்காக விழுந்தால் புரதமும் தண்ணீரும் குறைவு.

பால் சீட்டு: கொழுப்பு திடீரென்று இறங்கினால் நார் குறைந்து மாவு கூடியிருக்கலாம். கொழுப்பு சரியாக இருந்து எஸ்.என்.எஃப் மட்டும் இறங்கிக்கொண்டே போனால், தீவனத்தில் மொத்தமாகவே சக்தியும் புரதமும் பற்றாமல் இருக்கலாம். சொசைட்டியில் தருகிற சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரு மாதச் சீட்டை வரிசையாகப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

உடம்பு: இடுப்பெலும்பும் விலாவும் நாளுக்கு நாள் தெரிகிறதா என்று பாருங்கள்.

கையில் இருக்கும் போன் என்ன செய்யும்?

தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் இந்தக் கணக்கை நாடு முழுவதும் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. தேசியப் பால்வளத் திட்டத்தின் கீழ் 'சரிவிகிதத் தீவனத் திட்டம்' என்று நடந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வீடு வீடாகப் போய் மாட்டை அளந்து, வீட்டில் இருக்கிற தீவனத்தையே வைத்து, குறைந்த செலவில் சரியான கலவையைக் கணினி வழியாகச் சொன்னார்கள். அந்த வாரியத்தின் 'பசு போஷன்' செயலி இதே வேலையைப் போனில் செய்கிறது. மாட்டின் எடை, பால் அளவு, கொழுப்பு, சினை மாதம், உங்களிடம் உள்ள தீவனங்கள், அவற்றின் விலை ஆகியவற்றைக் கொடுத்தால் எது எவ்வளவு என்று சொல்லும். 2020 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய 'இ-கோபாலா' செயலியிலும் தீவன ஆலோசனை உண்டு.

மாட்டின் காதில் மாட்டியிருக்கும் 12 இலக்க எண் வெறும் அடையாளம் இல்லை. ஆதார் எண் மாதிரி, தடுப்பூசி, சினை ஊசி, சிகிச்சை எல்லாம் அந்த எண்ணில்தான் பதிவாகும். எண்ணைப் போனில் குறித்து வையுங்கள்.

தாது உப்புக் கலவையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே தயாரித்துத் தருகிறது. நாளைக்கு 50 கிராம் போதும். நம்ம பக்கத்தில் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அதன் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தீவனச் சந்தேகங்களுக்கு உழவர் அழைப்பு மையம்: 1800-180-1551, கட்டணம் இல்லை. உழவர் கடன் அட்டை 2018-19 பட்ஜெட்டில் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தீவனச் செலவுக்கு வெளியில் வட்டிக்கு வாங்குவதற்கு முன் உங்கள் வங்கியில் கேளுங்கள்.

அவசரம் என்றால்

மாடு தானியத்தையோ சோற்றையோ புரோட்டாவையோ நிறையத் தின்றுவிட்டது என்று தெரிந்தால், வயிறு உப்புகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே 1962. கட்டணமில்லாத எண். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் இது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்து டாக்டர் எண்ணையும் இப்போதே பதிந்து வையுங்கள்.

டாக்டர் வரும்வரை மிச்சத் தீவனத்தை எடுத்துவிடுங்கள். மாடு எழுந்திருந்தால் மெல்ல நடத்துங்கள். காய்ந்த வைக்கோல் மட்டும் முன்னால் வையுங்கள். படுத்த மாட்டுக்கு வாயைப் பிடித்து எண்ணெயோ கஷாயமோ ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போனால் அதனாலேயே சாகும். ஆப்பசோடா கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை டாக்டரிடம் போனில் கேட்ட பிறகு செய்யுங்கள். எத்தனை மணிக்குத் தின்றது, எவ்வளவு தின்றது என்ற இரண்டையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை அதை வைத்துத்தான்.

வழக்கமாகக் கேட்கும் இரண்டு கேள்விகள்

'கழுநீரும் வடிகஞ்சியும் காலங்காலமாக ஊற்றுகிறோமே, அதையும் நிறுத்தணுமா?' வேண்டாம். வீட்டில் தினம் வருகிற அளவு ஒன்றும் செய்யாது. மாட்டுக்கு அது பழகியிருக்கும். ஆபத்து, பழகாத மாட்டுக்கு ஒரே நாளில் அண்டா கணக்கில் வைப்பதுதான். விசேஷ வீட்டு மிச்சத்தை மாட்டுக்குக் கொட்டுவது புண்ணியம் என்று நினைக்காதீர்கள். மாட்டுப் பொங்கலுக்கு ஒரு கைப்பிடி ஊட்டுங்கள், கும்பிடுங்கள். வயிறு நிறைய வைக்கோலும் புல்லுமே இருக்கட்டும்.

'பால் வற்றிய மாட்டுக்கும் இவ்வளவு செலவு பண்ணணுமா?' கறவை இல்லாத மாட்டுக்கு உடம்புக்கான ஒன்று, ஒன்றரை கிலோ போதும். ஆனால் சினையாக இருந்தால் கடைசி இரண்டு மாதத்தை விட்டுவிடாதீர்கள். அடுத்த ஈற்றின் பால் அந்த இரண்டு மாதத்தில்தான் முடிவாகிறது.

நாளைக் காலையில் செய்ய வேண்டியது

ஒன்று, தராசு எடுங்கள். 'ஒரு படி', 'ரெண்டு கை' என்பதை ஒரு தடவை கிலோவாக நிறுத்துப் பாருங்கள். இரண்டு, மாட்டை டேப்பால் அளந்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று, மேலே சொன்ன கணக்கில் உங்கள் தொட்டியின் புரதத்தைக் கூட்டுங்கள். நான்கு, துண்டு விழுந்தால் நொய்யில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் புண்ணாக்கோ பயறு வகைத் தழையோ சேர்த்து, பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். ஐந்து, 1962-ஐப் போனில் பதிந்து வையுங்கள். வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாவின் போனிலும் பதியுங்கள். பகலில் தொழுவத்தில் நிற்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

தண்ணீரையும் மறக்க வேண்டாம். பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளைக்கு 60 முதல் 80 லிட்டர் தண்ணீர் வேண்டும். தீவனக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டால் பால் வராது.

2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகள். அதில் உங்கள் வீட்டில் நிற்பது ஒன்றோ இரண்டோதான். பள்ளிக்கூடக் கட்டணமும் மருந்துச் செலவும் அந்த ஒன்றிரண்டை நம்பித்தான் இருக்கிறது. அதற்கு வயிறு நிறைய மட்டும் போடாமல், சரியானதையும் சேர்த்துப் போடுவோம்.